சர்ச்சிலின் 13 ரூபாயும் நம் தாத்தாக்களின் சிட்டும்

பெங்களூர் கிளப் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் இளம் லெப்டினன்டாக அங்கே இருந்தபோது 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். 1899ஆம் ஆண்டின் கடன்காரர் பட்டியலில் 17 பேரில் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்த கிளப்பின் செல்வ வரி வழக்கில் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்றம்கூட இந்தக் கதையோடுதான் தீர்ப்பைத் தொடங்கியது. நீதிபதிகளும் ரசிக்கும் பாக்கி!

நாங்கள் கேட்பது இன்னொரு பாக்கியைப் பற்றி.

1868இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்களுக்கென்று தொடங்கிய கிளப் இது. அப்போது யுனைடெட் சர்வீசஸ் கிளப் என்று பெயர். அதைச் சுற்றியிருந்தது ‘தண்டு’ என்று நம் மக்கள் அழைத்த ராணுவக் குடியிருப்பு. 1809 முதல் வளர்ந்த அந்தத் தண்டுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்களில் பறையர்கள் ஏராளம். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய துரைமார் சமையற்கட்டில் நின்று சமைத்தவர்கள் நம் மக்கள். பட்லர், குதிரைக்காரர், ஆயா, தோட்டி என்று அத்தனை வேலையிலும் அவர்கள் இருந்தார்கள். பண்ணையாரின் களத்துமேட்டிலிருந்து தப்பியவர்களுக்குத் தண்டு மாதச் சம்பளம் கொடுத்தது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் சம்பளம் கொடுத்தவர்கள் வரலாற்றில் இடம் கொடுக்கவில்லை.

சர்ச்சிலே சாட்சி. 1930இல் வெளிவந்த தன் இளமைக்கால நினைவுகளில், பெங்களூரில் வேலையாட்கள் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் ராஜவாழ்க்கைதான் என்று எழுதினார். வாழ்ந்தவரை உலகம் அறியும். வாழவைத்த கைகளை யார் அறிவார்?

பட்லர் என்றால் தட்டு எடுப்பவர் மட்டும்தானா? ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஏடு எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். குறளை அச்சுக்கு அனுப்பியவர்களில் ஒரு பட்லரும் உண்டு. அதை எத்தனை பாடப்புத்தகம் சொல்கிறது?

நம்மவர்கள் சமையற்கட்டில் மட்டும் இல்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பாலம் கட்டினார்கள், சுரங்கம் வைத்தார்கள், கடல் கடந்து போரிட்டார்கள். 1890களில் ‘வீரச் சாதி’க் கொள்கை வந்தது. தென்னிந்தியர்களின் ஆள்சேர்ப்பு சுருக்கப்பட்டது. மகர்களுக்கு ராணுவக் கதவே மூடப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். அந்த சுபேதாரின் தலைமுறை வாழ்ந்த காலத்திலேயே ‘உங்கள் சாதிக்கு வீரம் இல்லை’ என்றார்கள். இது வெள்ளையரின் இனவெறியும் இங்கிருந்த சாதிவெறியும் சேர்ந்து எழுதிய உத்தரவு.

தண்டுப் பகுதியில் களப்பணி செய்தபோது ஒரு பெரியவர் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு மக்கிய தாளைக் காட்டினார். அவருடைய தாத்தாவுக்கு ஒரு துரை எழுதிக்கொடுத்த நன்னடத்தைச் சிட்டு. நேர்மையானவன், குடிக்கமாட்டான், நம்பி வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. தாத்தாவின் பெயருக்குப் பதிலாக ‘பாய்’ என்று இருந்தது. கிளப்பில் துரை கையெழுத்துப் போட்ட சிட்டுக்குக் கடன் கிடைத்தது. அவன் கட்டாமல் போனால் அது நூறாண்டு தாண்டியும் பெருமைக் கதை. பட்லருக்கோ தான் திருடன் இல்லை என்று நிரூபிக்க வாழ்நாள் முழுக்க ஒரு சிட்டு தேவைப்பட்டது.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். இப்போது என்ன?

1946இல் பெயர் பெங்களூர் கிளப் என்று மாறியது. நாற்காலிகளில் ஆட்கள் மாறினார்கள். ஆனால் இத்தகைய கிளப்புகளின் வாசல் மாறவில்லை. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், உள்ளே இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். தெரிந்தவர் தெரிந்தவரைச் சேர்த்தால் யார் சேர்வார்கள்? நம் சமூகத்தில் ‘தெரிந்தவர்’ என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறது. பெயர்ப்பலகையில் சாதி எழுதாமலே சாதியைக் காப்பாற்றும் முறை இது.

‘தனியார் இடம், அவர்கள் விருப்பம்’ என்பார்கள். அங்கே வெறும் சீட்டாட்டம் மட்டுமா நடக்கிறது? அதிகாரியும் முதலாளியும் வக்கீலும் பழகும் இடத்தில் வேலையும் ஒப்பந்தமும் சம்பந்தமும் முடிவாகின்றன. அந்த மேசைக்கு நாம் இன்றும் தட்டோடுதான் போகிறோம்.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியதற்காகச் சென்னைக் கிளப் ஒன்றில் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் கொதித்தது, அதே ஆண்டு சட்டம் வந்தது. வரவேற்கிறோம். வேட்டிக்கு வாசல் திறந்த சட்டமன்றமே, வேட்டி துவைத்தவருக்கு எப்போது திறப்பாய்?

எங்கள் கோரிக்கை எளிது. ராணுவ கிளப்புகளாகத் தொடங்கியவை எல்லாம் தங்கள் பழைய சம்பளப் பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறக்கட்டும். நூற்றாண்டு மலரில் துரைமார் படத்துக்குப் பக்கத்தில் சமையல்காரர்களின் பெயரும் வரட்டும். உறுப்பினர்களில் தலித்துகள் எத்தனை பேர், ஊழியர்களில் எத்தனை பேர் என்று வெளியிடட்டும்.

சர்ச்சிலின் 13 ரூபாயை இத்தனை கவனமாகக் காப்பாற்றியவர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும். நம் கணக்கையும் எழுதட்டும்.