ஜவ்வரிசி ஜாவாவில் இருந்து வந்ததா?

ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம். சம்பந்திகள் இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது!

"ஜாவாத் தீவில் இருந்து வந்த அரிசிங்க, சம்பந்தி. அதனால்தான் ஜவ்வரிசி" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"அது இல்லைங்க. வெந்ததும் சவ்வு மாதிரி ஆகுது, பாருங்க. சவ்வு அரிசிதான் ஜவ்வரிசி ஆச்சு" என்றார் பெண்ணின் தகப்பனார்.

இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் சரி அல்ல என்பது என் கருத்து.

ஏன்? அண்டை வீட்டைப் பாருங்கள். தெலுங்கர்கள் இதை "சக்குபிய்யம்" என்கிறார்கள். பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் "சப்பக்கி". அக்கி என்றால் அரிசி. மலையாளத்தில் "சவ்வரி". இந்தியில் "சாபூதானா". தானா என்றால் மணி.

சக்கு, சப்ப, சவ், சாபூ! எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் இல்லையா? இதில் ஜாவா எங்கே? சவ்வு என்பது தமிழ்ச் சொல். அதைக் கேட்டா தெலுங்கர்கள் "சக்கு" என்றார்கள்?

மூலம், மலாய் மொழியில் உள்ள "சாகு". அது ஒரு வகைப் பனை. அதன் தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை இடித்துக் கரைத்து மாவு எடுப்பார்கள். அந்த மாவில் செய்த மணிகள் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தன. வெள்ளையாக இருந்ததால் நம்மவர்கள் "அரிசி" என்று சேர்த்துக் கொண்டார்கள். சாகு என்பது புதுச் சொல். சவ்வு பழகிய சொல். காது ஒன்றை மற்றொன்றாக வளைத்திருக்கும்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. சரக்கு நின்றது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இருந்து வந்த பொப்பட்லால் ஷாவிடம் செய்முறை கேட்டு, மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். எல்லாம் கை வேலை! இன்று ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஆலைக் களங்களில் வெள்ளை வெளேர் என்று காய்வது அந்த முயற்சியில் வந்ததுதான். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது.

ஆகவே நாம் சாப்பிடுவது அரிசியும் அல்ல, சாகுப் பனையும் அல்ல. கிழங்கு! (தானியம் அல்ல என்பதால்தான் மராட்டியர்கள் விரத நாளில் இதைச் சாப்பிடுகிறார்கள்.) அந்தக் கிழங்குக்கு நம் குடியானவர்கள் வைத்த பெயர், குச்சிக் கிழங்கு. குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும். எவ்வளவு நேர்மையான பெயர்!

வெளிச்சொல் என்றால் தமிழுக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டுமரத்தையும் சுருட்டையும் ஆங்கிலேயர்கள் நம்மிடம் வாங்கினார்கள். வெட்கப்பட்டார்களா? ஜாவா கதையைச் சொன்னால் பினாங்குக்காரரும் செட்டியாரும் காணாமல் போகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வேடிக்கை. அதே சாகுவை ஆங்கிலேயர்கள் "சேகோ" என்றார்கள். ஆலை வாசலில் "சேகோ பேக்டரி" என்று பலகை. உள்ளே ஜவ்வரிசி. இரண்டும் ஒரே சொல்!

பந்தியில் இதைச் சொன்னேன்.

"அப்படீங்களா?" என்றார்கள் சம்பந்திகள். இருவரும் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்கள்.