சுவருக்கு யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவின் தென் எல்லையில் எழும் சுவரைப் பற்றி நம் வீடுகளிலும் பேச்சு வருவதுண்டு. பெரும்பாலும் அது டிரம்ப் என்ற தனி மனிதரைத் திட்டித் தீர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அவருக்காகப் பரிந்து பேச நமக்கு எந்தக் காரணமும் இல்லை. 2017 ஜனவரி 25 அன்று சுவர் கட்டும் ஆணையில் கையெழுத்திட்டவர், இரண்டே நாள் கழித்து, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்களுக்குக் கதவடைக்கும் ஆணையிலும் கையெழுத்திட்டார். அதை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. ஆயினும் கோபம் வேறு, விளக்கம் வேறு. அந்தச் சுவரைச் சுற்றி இத்தனை ஆண்டுகள் நடந்த வழக்கின் நடுவே இருப்பது பணம். யாருடைய பணம், யாருடைய அனுமதியோடு எடுக்கப்பட்டது என்பதே கேள்வி. அமானிதத்தைப் பற்றிய கேள்வி என்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவும் மெக்ஸிகோவும் சந்திக்கும் எல்லையின் நீளம் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரியோ கிராண்டே ஆறு. மீதி பாலைவனமும் மலையும். அங்கே தடுப்பு எழுப்பத் தொடங்கியவர் டிரம்ப் அல்லர். 1990களின் தொடக்கத்திலேயே சான் டியாகோ நகருக்கு அருகில், வியட்நாம் போர்க்காலத்து விமான ஓடுதளத் தகடுகளை நட்டு வேலி அமைத்தார்கள். 2006ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு வேலி அமைக்கும் சட்டம் செனட் சபையில் 80க்கு 19 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், பைடன் மூவரும் அன்று ஆதரித்தே வாக்களித்தார்கள். எல்லைச் சுவரை ஒரு கட்சியின் பாவமாக மட்டும் எழுதுவோர் இந்த வாக்குப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

2015 ஜூன் மாதம் தேர்தல் களத்தில் இறங்கிய டிரம்ப் புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான். சுவரை நாம் கட்டுவோம், பணத்தை மெக்ஸிகோ கொடுக்கும் என்றார். கூட்டங்கள் ஆர்ப்பரித்தன. செலவு அடுத்தவனுடையது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? மெக்ஸிகோ அதிபர் பெனா நியெட்டோ தம் நாடு ஒரு காசும் தராது என்று வெளிப்படையாகவே மறுத்தார். ஆணை வெளியான மறுநாளே வாஷிங்டன் பயணத்தையும் ரத்து செய்தார். அதன்பின் மெக்ஸிகோ தரவேண்டிய பணத்தை அமெரிக்க நாடாளுமன்றத்திடமே கேட்கும் நிலை வந்தது.

2018 டிசம்பர் 22 அன்று அந்தக் கோரிக்கை முட்டுச்சந்தில் நின்றது. அதிபர் கேட்டது 570 கோடி டாலர். நாடாளுமன்றம் மறுத்தது. வரவுசெலவுச் சட்டம் நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் 35 நாட்கள் முடங்கின. ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சம்பளமின்றியே வேலைக்கு வரவேண்டியிருந்தது. விமான நிலையச் சோதனையாளர்களும் கடலோரக் காவல் படையினரும் இலவச உணவு வழங்கும் இடங்களில் வரிசையில் நின்றார்கள். எந்த எல்லையைக் காக்க வேண்டும் என்று சண்டை நடந்ததோ, அந்த எல்லையின் காவலர்களுக்கே அம்மாதம் கூலி கிடைக்கவில்லை. முடக்கத்தால் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட இழப்பு 1,100 கோடி டாலர் என்றும், அதில் 300 கோடி திரும்பவே வராது என்றும் நாடாளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகம் மதிப்பிட்டது. முடிவில் நாடாளுமன்றம் ஒதுக்கியது 137.5 கோடி டாலர். கேட்டதில் கால் பங்குகூட இல்லை.

அடுத்து நடந்ததே நம்மை அதிகம் உறுத்துகிறது. 2019 பிப்ரவரி 15 அன்று அதிபர் தேசிய அவசர நிலையை அறிவித்து, இராணுவக் கட்டடப் பணிகளுக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து 360 கோடியையும், போதைப்பொருள் தடுப்பின் பெயரில் 250 கோடியையும் சுவருக்குத் திருப்பினார். சட்டம் இயற்றி ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் விதி. செனட்டில் அவருடைய கட்சியினர் 12 பேர் எதிரணியோடு சேர்ந்து, 59க்கு 41 என்ற கணக்கில் அவசர நிலையை நீக்கத் தீர்மானித்தார்கள். மறுநாளே அதிபர் தம் மறுப்பதிகாரத்தால் அத்தீர்மானத்தை வீழ்த்தினார். அந்த 250 கோடியைச் செலவிட, வழக்கு முடியும் முன்பே உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழிவிட்டது.

அந்த 360 கோடிக்காக 127 இராணுவக் கட்டடப் பணிகள் ஒத்திவைக்கப்பட்டன. கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் கேம்ப்பெல் படைத்தளத்தில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கட்டவேண்டிய பள்ளிக்கூடம் அவற்றில் ஒன்று. 2017இல் புயலால் சிதைந்த புவெர்ட்டோ ரிக்கோ தீவுக்கான 40 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணிகளும் நின்றன. ஒரு காரியத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட பொதுப் பணம் அந்தக் காரியத்துக்குரியது. பள்ளிவாசல் கூரைக்கென்று ஜமாஅத் வசூலித்த தொகையை முத்தவல்லி தாம் விரும்பிய வேறு கட்டடத்துக்குச் செலவிட்டால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மஹல்லாவில் கேள்வி எழாதா?

தனியாரும் களத்தில் இறங்கினார்கள். சுவரை மக்களே கட்டுவோம் என்ற பெயரில் இணையத்தில் இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல் நன்கொடை திரட்டினார்கள். தமக்கென ஒரு காசும் எடுப்பதில்லை என்று சொன்ன அதன் தலைவர் பிரையன் கோல்ஃபேஜ், பணத்தைக் கையாடியதற்காக 2023இல் நான்கு ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை பெற்றார்.

சுவர் ஒன்றுக்குமே உதவாது என்று சொல்வது நியாயமாகாது. அரிசோனாவின் யூமா வட்டாரத்தில் 2005இல் 1,38,000க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். வேலியும் கூடுதல் காவலர்களும் வந்தபின் 2008இல் அது எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. எல்லையோரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நகரங்களின் அருகே அடைபட்டவர்கள் பாலைவனத்தின் பக்கம் திரும்பினார்கள். 1998 முதல் 2020 வரை அந்த எல்லையில் எடுக்கப்பட்ட சடலங்கள், எல்லைக் காவல் படையின் சொந்தக் கணக்கின்படியே ஏறத்தாழ 8,000. சுவரை 30 அடியாக உயர்த்திய பிறகு, விழுந்து எலும்பு நொறுங்கி வருவோர் அதிகரித்ததைச் சான் டியாகோ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடைகளில் விற்கும் மின் ரம்பத்தால் மூன்றே ஆண்டுகளில் 3,000க்கும் மேற்பட்ட முறை அந்த இரும்புத் தூண்கள் அறுக்கப்பட்டன. இவற்றோடு இன்னொன்று: விமானத்தில் முறையாக வந்து, விசா முடிந்தும் திரும்பாதவர்கள் 2017ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். அவர்கள் எந்தச் சுவரையும் ஏறவில்லை.

இந்த வழக்கில் வேதங்களையும் இழுத்தார்கள். 2016இல் போப் பிரான்சிஸ், பாலம் கட்டாமல் சுவரை மட்டுமே எண்ணுபவர் கிறிஸ்தவர் அல்லர் என்ற கருத்தைச் சொன்னார். டிரம்ப் பதவியேற்ற நாளன்று காலையில் டெக்சாஸ் போதகர் ஒருவர், ஜெருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவை எடுத்துக்காட்டிப் பிரசங்கம் செய்தார். நம்மவர் சிலர் இப்போது துல்கர்னைனைக் கொண்டுவருகிறார்கள். கஹ்ஃப் அத்தியாயத்தைப் பாடம் நடத்தும் நாம் இங்கே மௌனமாக இருக்க இயலாது. அந்த வரலாற்றில் தடுப்பைக் கேட்டவர்கள், அதனால் காக்கப்பட வேண்டியவர்கள். அதற்காகப் பொருள் தரவும் அவர்களே முன்வந்தார்கள். துல்கர்னைன் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. தம் இறைவன் தந்ததே மேலானது என்று சொல்லி உடலுழைப்பை மட்டும் கேட்டார். அத்தடுப்பு எழுந்தது பூமியில் குழப்பம் விளைவித்த யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாருக்கு எதிராக. குவாத்தமாலாவிலிருந்து கைக்குழந்தையோடு நடந்துவரும் ஒரு தாயை அந்தப் பட்டியலில் சேர்ப்பவர் வசனத்தைச் சரியாகப் படிக்கவில்லை. அதே நேரம், சுவரே கூடாது என்பதற்கும் இவ்வரலாறு ஆதாரமாகாது. செங்கல் தேவைப்படும்போதெல்லாம் வேதத்தில் கைவைப்பது இரு பக்கத்தாருக்கும் அழகல்ல.

இதைச் சொல்லும்போது முஸ்லிம் நாடுகளின் பக்கமும் பார்க்கவேண்டியிருக்கிறது. துருக்கி தன் சிரிய எல்லையில் 764 கிலோமீட்டர் சுவரை 2018இல் முடித்தது. சவூதி அரேபியா இராக் எல்லையிலும், பாகிஸ்தான் ஆப்கான் எல்லையிலும் வேலி போட்டிருக்கின்றன. காஸாவின் எல்லையில் எகிப்தும் சுவர் எழுப்பியிருக்கிறது. அவற்றுக்கு எங்கிருந்து பணம் வந்தது, எந்தச் சபையில் வாக்கெடுத்தார்கள் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாஷிங்டனில் அந்தக் கேள்வியையாவது கேட்க முடிந்தது.

2021 ஜனவரியில் பதவியேற்ற அன்றே பைடன் பணியை நிறுத்தினார். அதற்குள் செலவுக்கென ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 1,500 கோடி டாலர். கட்டி முடித்தது 458 மைல். அதில் 370 மைலுக்கும் மேல் பழைய வேலியை அகற்றி அதே இடத்தில் எழுப்பியவை. பின்னர் 2023 அக்டோபரில், 2019இல் ஒதுக்கிய பணம் அதற்கே செலவிடப்படவேண்டும் என்று கூறி, அதே பைடன் அரசு டெக்சாஸில் 26 சட்டங்களை ஒதுக்கிவைத்துச் சுவர் கட்ட முன்வந்தது. சுவரால் பயனுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார் அதிபர்.

இப்போது மறுபடியும் டிரம்ப். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சுவருக்கு 4,650 கோடி டாலர் ஒதுக்குகிறது. இம்முறை இந்தப் பணம் அவசர நிலை அறிவிப்பால் வந்ததல்ல, மெக்ஸிகோவின் பெயரும் இல்லை. நாடாளுமன்றம் வாக்களித்தது. செனட்டில் 50க்கு 50 எனச் சமநிலை வர, துணை அதிபரின் வாக்கால் நிறைவேறியது. பணம் அமெரிக்க மக்களுடையது என்பதாவது இப்போது ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. அச்சட்டம் கையெழுத்தாகும் முன்பே எல்லையில் பிடிபடுவோரின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் செலவைக் குறைத்ததும் அதே சட்டம்தான்.