காலை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

ஹார்வெஸ்ட்மேன் என்ற எட்டுக்கால் உயிரை அதன் நெடிய, மெலிந்த கால்களை வைத்தே அடையாளம் சொல்லிப் பழகிவிட்டோம். இலங்கை மழைக்காட்டின் சருகுக்கடியில் அந்தப் பழக்கம் உதவாது. அங்கே வாழும் பெட்டாலஸ் பேரினமும் ஹார்வெஸ்ட்மேன்தான். ஆனால் சில மில்லிமீட்டர் உடல், குட்டைக் கால்கள். உண்ணி என்று ஒதுக்கிவிடுவது எளிது. லென்ஸ் வைத்து வயிற்றைப் பாருங்கள். குறுக்கே வரிவரியாகக் கண்டங்கள் தெரியும். பெரும்பாலான உண்ணிகளில் அந்த வரிகள் மறைந்துபோயிருக்கும். இன்னும் உறுதி வேண்டுமா? முதுகின் முன்பக்கம் இருபுறமும் சிறு கூம்புகள், அவற்றில் நாற்றச் சுரப்பியின் துளைகள். உண்ணிகளுக்கு இவை கிடையாது. முட்டையிலிருந்து ஆறு கால்களோடு வருவது உண்ணிக் குஞ்சு. ஹார்வெஸ்ட்மேன் எட்டோடு பிறக்கும்.

இந்தச் சிரமம் எதற்கு? பெட்டாலஸின் உறவினங்கள் தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலியில் இருக்கின்றன. கடல் தாண்ட முடியாத இவை, கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிளந்தபோது நிலத்தோடு பிரிந்தவை. இப்படிப்பட்ட உயிரை உண்ணிக் கணக்கில் தள்ளிவிடுவது பெரும் இழப்பு. காட்டுயிர்க் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் சருகையும் சல்லடையில் சலித்துப் பார்த்தே ஆக வேண்டும்.