மறதியை வெல்லும் சப்பாத்துப் பெட்டி

மாலை வேளைகளில் மொழி வகுப்புக்குச் செல்லும் பெற்றார் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "நேற்றுப் படித்த பத்துச் சொற்களில் இன்று மூன்றுகூட நினைவில் இல்லை. வயது போய்விட்டது. இனி மூளையில் ஏறாது." பகல் முழுவதும் உணவகத்துச் சமையலறையிலோ தொழிற்சாலையிலோ நின்று உழைத்துவிட்டு, களைத்த உடலுடன் வகுப்பில் வந்து அமரும் ஒருவர் இவ்வாறு மனம் சோர்வது இயல்பே. ஆயினும் அவர் தம்மீதே சுமத்தும் குற்றம் நியாயமானதன்று. மறதி அவருக்கு மட்டும் வந்த நோயன்று. அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை முதன்முதலில் அளந்து காட்டியவர், நாம் இன்று படிக்கத் திணறும் ஜேர்மன் மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஓர் அறிஞர்.

ஹேர்மன் எப்பிங்ஹவுஸ் 1850ஆம் ஆண்டு பார்மன் நகரில் பிறந்தவர். பொருள்களை நிறுப்பதுபோல் மனித நினைவையும் அளக்க இயலுமா என்பதே அவருடைய கேள்வி. ஆய்வுக்கு அவர் வேறு ஆள் தேடவில்லை. தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். ஏற்கனவே தெரிந்த சொற்களைப் படித்தால் கணக்குப் பிழைத்துவிடும் எனக் கருதி, இரண்டு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலியை வைத்து ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கினார். அவற்றை வரிசைகளாக அடுக்கி, ஒரே சீரான வேகத்தில் வாசித்து வாசித்துப் பாடமாக்கினார். பல ஆண்டு உழைப்பின் முடிவுகளை 1885இல் நினைவைப் பற்றிய ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

அவர் அளந்த முறை எளிமையானது. ஒரு வரிசையை முதன்முறை பாடமாக்க எவ்வளவு நேரம் சென்றது எனக் குறித்துக்கொள்வார். சில காலம் கழித்து அதையே மீண்டும் பாடமாக்குவார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அதுவே மனத்தில் எஞ்சியிருந்த பங்கு. இருபது நிமிடங்களின் பின் அப்பங்கு நூற்றுக்கு 58 ஆக இருந்தது. ஒரு மணி நேரத்தின் பின் 44. ஒரு நாளின் பின் 34. ஆறு நாள்களின் பின் 25. ஒரு மாதத்தின் பின் 21.

தனியொருவரிடம், பொருளற்ற அசைகளைக் கொண்டு பெறப்பட்ட எண்கள் இவை. எல்லோருக்கும் இவை அப்படியே பொருந்தா. ஆனால் இழப்பின் போக்கைக் கவனியுங்கள். கிணற்றடியில் தோய்த்துக் கொடியில் போட்ட துணியிலிருந்து முதலில் நீர் விரைந்து வடிகிறது. பின்னர் மெல்ல மெல்லச் சொட்டுகிறது. மறதியும் அவ்வாறே. பெரும் இழப்பு முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பின் எஞ்சுவது எளிதில் போவதில்லை. 2015இல் ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இச்சோதனையை மீண்டும் செய்து வெளியிட்டபோதும் ஏறத்தாழ இதே போக்கே காணப்பட்டது. எனவே நேற்றுப் படித்ததில் பெரும்பகுதி இன்று இல்லையென்றால், அது மூளை பழுதானதற்கு அடையாளமன்று. நினைவை ஆராய்ந்த பேரறிஞருக்கும், அவர் முப்பது வயதை ஒட்டியிருந்த காலத்திலேயே, அதுதான் நிகழ்ந்தது.

இனி, பரிகாரத்துக்கு வருவோம். அதையும் எப்பிங்ஹவுஸே சுட்டிக்காட்டினார். பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை படித்துவிட்டு, மறுநாள் மீண்டும் பாடமாக்கினார். வேறொரு வரிசையை மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து மொத்தம் 38 தடவை மட்டுமே படித்தார். இரண்டும் ஒரேயளவு பயனைத் தந்தன. அதாவது, இடைவெளி விட்டுப் படித்தபோது பாதியை ஒட்டிய உழைப்பே போதுமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தொடர்ந்து படிப்பதைவிட, நாளாந்தம் இருபது நிமிடங்கள் படிப்பது மேல் என்பதன் அடிப்படை இதுவே. நேரமில்லாத நமக்கு இது நல்ல செய்தியன்றோ?

இரண்டாவது உண்மையைக் காட்டும் சோதனை ஒன்று நம் காலத்தது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஹென்றி றோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்னும் இருவர் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதை நான்கு வேளை வாசித்தனர். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் உள்ளதை மூன்று தடவை எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னின்றனர்: அவர்கள் நூற்றுக்கு 83, மற்றவர்கள் 71. ஆனால் ஒரு வாரத்தின் பின் நிலை தலைகீழாயிற்று. வாசித்தவர்களிடம் 40 எஞ்சியது. நினைவுகூர்ந்து எழுதியவர்களிடம் 61 எஞ்சியது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே.

கொப்பியைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்தாற்போலவே தோன்றும். கந்தோரில் அலுவலர் கேட்கும்போது நா எழாது. காரணம் இதுதான். பார்த்து அறிவது வேறு. தேடி எடுப்பது வேறு. தேடி எடுக்கும் முயற்சியே நினைவை வலுப்படுத்துகிறது. ஊர்ப் பாடசாலைகளில் புத்தகத்தை மூடச் சொல்லி ஒப்புவிக்க வைத்த ஆசிரியர்கள் இவ்வகையில் சரியான வழியிலேயே நின்றனர். ஆனால் பொருளறியாது ஒப்புவிப்பதில் பயன் குறைவு. பொருளுள்ள கவிதையைப் பாடமாக்க, பொருளற்ற அசைகளுக்குச் செலவான உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தேவைப்பட்டதை எப்பிங்ஹவுஸ் கண்டிருந்தார்.

இவ்விரு உண்மைகளையும் இணைத்து ஒரு பெட்டியில் அடக்கியவர் செபஸ்ரியன் லைற்னர். 1972இல் ஜேர்மன் மொழியில் வெளியான தமது நூலில் அவர் விளக்கிய முறையை எவரும் வீட்டில் செய்துகொள்ளலாம். பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மட்டை வைத்து ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். சிறு அட்டையின் ஒரு பக்கத்தில் 'திறப்பு' என்று எழுதுங்கள். மறுபக்கத்தில் 'டெர் ஷ்லூசல்' என்பதையும், அச்சொல் வரும் ஒரு சிறு வசனத்தையும் ஜேர்மன் மொழியில் எழுதுங்கள். 'டெர், டீ, டாஸ்' என்பவற்றைச் சொல்லுடன் சேர்த்தே படித்தல் வேண்டும்.

புதிய அட்டைகள் யாவும் முதல் அறையில் இருக்கட்டும். தமிழைப் பார்த்து, மறுபக்கத்தைத் திருப்புமுன் விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழையானால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாளாந்தமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை வாரம் ஒருமுறையும், நான்காவதை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாவதை மாதம் ஒருமுறையும் பார்க்கலாம். இக்கால அளவை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து புதிய அட்டைகள் போதும். தெரிந்த சொற்களில் காலம் வீணாகாது. தெரியாதவை தப்பிச் செல்லவும் மாட்டா.

நிரந்தர வதிவிட அனுமதி, குடியுரிமை, நல்ல வேலை ஆகியவற்றுக்கு மொழியறிவு வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை வைத்தியருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளன. தாய் சொல்லத் தயங்குவதைப் பிள்ளை கேட்க நேர்கிறது; பிள்ளை சுமக்கக் கூடாததைச் சுமக்கிறது. வைத்தியரிடம் தன் நோயைத் தானே சொல்லத் தேவையான சொற்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அப்பெட்டிக்கு அருகே இன்னொரு பெட்டியையும் வையுங்கள். அதில் பிள்ளைகளுக்கான தமிழ்ச் சொற்கள் இருக்கட்டும். இரவு உணவின் பின் பிள்ளை தகப்பனாரிடம் ஜேர்மன் கேட்கட்டும். தகப்பனார் பிள்ளையிடம் தமிழ் கேட்கட்டும். பிழை விடுவது இருவருக்கும் பொதுவாகும்போது அதில் வெட்கம் இராது. இன்று மாலையே ஐந்து அட்டைகள் எழுதுங்கள். நாளை அவற்றில் மூன்றை மறந்திருந்தால் மனம் தளர வேண்டாம். அவற்றை முதல் அறையில் வைத்துவிட்டு, மறுநாளும் கேளுங்கள்.