கொழுகொழுப்பு பரக்கத் அன்று

பருமனான குழந்தையைக் கண்டால் 'மாஷா அல்லாஹ், நல்ல ஊட்டம்' என்று மகிழ்கிறோம். அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் மாடிப்படி ஏற மூச்சிரைத்தால், 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று ஏசுகிறோம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊட்டியவர் யார்? நாமே அல்லவா!

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்குரியது என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவுரையைப் பயான்தோறும் கேட்கிறோம். வீடு திரும்பியதும் பிள்ளையின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்து, 'மிச்சம் வைத்தால் பாவம்' என்று அதட்டுகிறோம். வீண்விரயத்தைத் தடுக்க வந்த கட்டளையைத் திணிப்பதற்கு ஆதாரமாக்கிக்கொண்டோம். குறைத்து வைத்திருந்தால் மிச்சமே இராதே!

250 மில்லி லிட்டர் கோலாவில் ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை கரைந்துள்ளது. சவூதி அரசு 2017ஆம் ஆண்டிலேயே இத்தகைய பானங்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்துவிட்டது. அங்கு உழைக்கும் நம் சகோதரர்களோ, பிள்ளைப் பாசத்தை இன்றும் சாக்லேட் பெட்டிகளின் எடையில் அளந்து கொண்டுவருகின்றனர். நம் நாட்டிலும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020இல் விதி வகுக்கப்பட்டது. பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றி வாய் திறந்தோர் நம்மில் எத்தனை பேர்?

இவற்றினும் பெரிய அநீதியைப் பெண்பிள்ளைகளுக்கு இழைக்கிறோம். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. நாமோ பத்து வயதிலேயே மகளைத் தெருவிலிருந்து உள்ளே அழைத்துக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். கேட்டால் பர்தாவைக் காரணம் காட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. உடையின் ஒழுங்கை ஓட்டத்திற்கு விலங்காக்கியவர்கள் நாம். பின்னர் பெண் பார்க்க வருவோர் அவளது எடையைக் குறை கூறுகையில் தலைகுனிந்து நிற்பவளும் அவளே.

மஹல்லாவின் நிகாஹ் மண்டபம் பெரும்பாலான நாள்கள் பூட்டியே கிடக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, பெண்களின் மேற்பார்வையில், அதைச் சிறுமியருக்குத் திறந்துவிடலாம். 'வழக்கத்தில் இல்லை' என்பர் சில நிர்வாகிகள். ஆயிரம் பேருக்கு விருந்து வைக்க இடமுண்டு. இருபது சிறுமியர் கயிறு தாண்ட இடமில்லையா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைக் கேட்போம். சாவி கைக்கு வரும்வரை கேட்போம்.