தீர்ப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது தொல்லை

வழக்கு முடிந்துவிட்டது. ஆணை கையில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. வாரக் கடைசியில் செருப்பு அலமாரியின் கதவு உடைந்திருக்கிறது. அடுத்த மாதம் துளசித் தொட்டி தாழ்வாரத்தில் சிதறிக் கிடக்கிறது. யார் செய்தது என்பது அந்த மாடியில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அண்டைவீட்டுப் பூசல் என்றாலே சிங்கப்பூரில் பேச்சு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. மேல்மாடியில் நாற்காலி இழுக்கிறார்கள், நள்ளிரவில் சுவரில் தட்டுகிறார்கள் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். புகார் கொடுத்து, சமரசம் பேசி, நடுவர் மன்றம் வரை சென்று ஆணை வாங்கியவருக்கு அதன்பின் என்ன நடக்கிறது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. ‘வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்’ என்ற பழமொழி அடுக்குமாடி வீட்டுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். அங்கே வென்றவரும் தோற்றவரும் மறுநாள் ஒரே மின்தூக்கிக்குத்தான் காத்து நிற்க வேண்டும்.

ஒத்துவராவிட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமே என்று சொல்வது எளிது. நாட்டு மக்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில் வசிக்கிறார்கள். வீடு வாங்கி ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் காலம் முடியாதவர் பொதுவாக விற்க முடியாது. இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, சீனர் விகிதம் நிறைந்துவிட்ட புளோக்கில் இந்தியர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் வட்டம் சுருங்க, விலையும் அடிபடலாம். ஆகவே தொல்லைக்கு ஆளானவர் நம்பியிருக்க வேண்டியது சட்டத்தைத்தான். அந்தச் சட்டம் எதை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவருக்கு வாழ்வாதாரப் பிரச்சினை.

பழிவாங்கலின் தந்திரமே அது சின்னதாக இருப்பதுதான். பூந்தொட்டிக்குப் பத்து வெள்ளி, அலமாரிக் கதவுக்கு நாற்பது வெள்ளி. காவல்துறை அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே உடைந்த தொட்டி ஒன்றுதான் இருக்கும். பின்னால் நிற்கும் ஆறு மாதக் கதையை அவர் பார்க்க முடியாது. தனித்தனியாக எடுத்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது, சேர்த்து எடுத்தால் ஒரு குடும்பத்தின் தூக்கமே போயிருக்கும். செய்பவருக்கும் இது தெரியும்.

சட்டத்தில் இதற்கு ஒன்றல்ல, பல வாசல்கள் உள்ளன. முதலாவது, 2015ஆம் ஆண்டின் சமூகப் பூசல் தீர்வுச் சட்டம். அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் அதே ஆண்டு அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. ஒருவர் தம் வீட்டை நிம்மதியாக அனுபவிப்பதற்கு அண்டைவீட்டார் இடையூறு செய்யக்கூடாது என்பதே அதன் அடிப்படை. சத்தம், நாற்றம், புகை, குப்பை மட்டுமல்ல. அடுத்தவர் வீட்டு வாசலில் உள்ள பொருள்களில் கைவைப்பதும் அந்தப் பட்டியலில் வரும். மன்றம் $20,000 வரை இழப்பீடு வழங்கலாம், ஒரு செயலைச் செய்யாதே என்று தடை விதிக்கலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரணை நடக்கும்.

ஆணையை மீறினால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆணை வந்தால் அது தானாகவே வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். மீறப்பட்டதை மெய்ப்பித்து, மீண்டும் மன்றத்துக்குப் போய், ‘சிறப்பு உத்தரவு’ கேட்க வேண்டியவர் முதலில் வழக்குத் தொடுத்த அதே ஆள்தான். அந்தச் சிறப்பு உத்தரவையும் மீறினால்தான் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்: $5,000 வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. அதற்கும் மேலே, மீறியவரைச் சிறிது காலம் அவருடைய வீட்டிலிருந்தே விலக்கி வைக்கும் ஆணையும் உண்டு. படிகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏறிப்போக வேண்டியவர் ஏற்கெனவே களைத்துப் போனவர்.

இரண்டாவது வாசல் குற்றவியல் சட்டம். அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே உடைப்பது தண்டனைச் சட்டத்தின்கீழ் சேதம் விளைவிக்கும் குற்றம், ஈராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கதவில் சாயம் பூசினாலோ கிறுக்கினாலோ கதை வேறு. 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டம் பொதுச் சொத்துக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றித் தனியார் சொத்தில் எழுதுவதும் வண்ணம் பூசுவதும்கூட அதில் அடங்கும். மூவாண்டு வரை சிறை, அதோடு பிரம்படிக்கும் இடமளிக்கும் சட்டம் அது. 1994ல் உலகமே பேசிய மைக்கேல் ஃபே வழக்கில் அந்த அமெரிக்க இளையர் சாயம் தெளித்தது தனியார் கார்கள்மீதுதான். அதிபர் கிளிண்டன் கேட்டுக்கொண்டும் ஆறு பிரம்படி நான்காகக் குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. ஆத்திரத்தில் சாய டப்பாவைத் தூக்குபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்தரப்பையோ சாட்சி சொல்ல வருபவரையோ மிரட்டினால், அது வெறும் அண்டைவீட்டுச் சச்சரவாக இருக்காது. நீதி நடைமுறைக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

மூன்றாவது, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம். 2021 ஜூன் முதல் இதற்கென்று தனி நீதிமன்றமே உள்ளது. தொடர்ச்சியான மிரட்டல், வசை, பின்தொடர்தல் ஆகியவற்றுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். நிலைமை அவசரமானால் விரைவுப் பாதுகாப்பு ஆணையும் உண்டு. லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இங்கே இருக்கிறது. சமூகப் பூசல் நடுவர் மன்றம் வசிப்பிடத்துக்கானது. சிராங்கூன் சாலையில் பக்கத்துக் கடைக்காரர் வழக்கில் தோற்ற கோபத்தில் பெயர்ப்பலகையை உடைத்தால் அங்கே போக முடியாது. துன்புறுத்தலுக்கு இந்த நீதிமன்றம், உடைந்த பலகையின் விலைக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். பின்னதில் $20,000 வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் $30,000 வரை. ஈராண்டுக்குள் கோர வேண்டும். ஈராண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத் தகராறுகளும் அங்கேதான் போகும். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று அறையைச் சேதப்படுத்திவிட்டுப் போகும் வாடகைதாரரும், பூட்டை மாற்றிப் பெட்டியை வெளியே வைக்கும் வீட்டுக்காரரும் கடைசியில் அங்கே சந்தித்துக்கொள்ளலாம்.

இத்தனை வாசல்கள் இருந்தும் பலர் வெளியிலேயே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆதாரமின்மை.

வாசலில் அசுத்தம் கிடந்தால் முதல் வேலையாகக் கழுவிவிடுவது நம் வீடுகளின் பழக்கம். வெள்ளிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். கழுவிய தண்ணீரோடு சாட்சியமும் போய்விடுகிறது. படம் எடுத்த பிறகே துடைக்க வேண்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வீட்டில் இருந்தார்கள், பழுதுபார்க்க எவ்வளவு செலவானது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் காவல்துறையிடம் புகார் கொடுத்து, அதன் எண்ணையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். தாழ்வாரச் சுவரோ மின்தூக்கி முகப்போ பாழானால் நகர மன்றத்துக்கும் சொல்ல வேண்டும். அங்கு பதிவாகும் புகாரும் பின்னர் கைகொடுக்கும். பத்து வெள்ளித் தொட்டி தனியாக நின்றால் யாருக்கும் பொருட்டல்ல. இருபத்து மூன்றாவது பதிவாக வரும்போது நடுவரின் கண்ணுக்குத் தொடர் தொல்லை தெரியும். காவல்துறை வழக்காக எடுக்காத சிறு குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும் வழியும் உண்டு. அங்கும் இந்த நோட்டுப் புத்தகம்தான் பேசும்.

கேமரா வைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2023 மே மாதத்திலிருந்து வீவக வீட்டுக்குள்ளிருந்து தாழ்வாரத்தை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா வைக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் அது அடுத்த வீட்டின் கதவையோ சன்னலையோ பார்க்கக்கூடாது. அண்டைவீட்டாரைக் கண்காணிப்பதும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடையூறுகளில் ஒன்று. கெட்டவனைப் பிடிக்கிறேன் என்று எதிர்வீட்டுக் கதவை நோக்கிக் கேமராவைத் திருப்பியவர்மீதே எதிர்வழக்கு வரலாம்.

அதைவிடப் பெரிய பொறி பதிலடி. எண்ணெய் ஊற்றியவரின் கதவைப் போய் உதைப்பது, குடும்பத்தையே இழுத்துத் திட்டுவது, முகம் தெரியும் காணொளியை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது எல்லாம் அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கலாம். மறுநாளிலிருந்து நடுவருக்கு முன்னால் இரண்டு குற்றவாளிகள் நிற்பார்கள். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களை இணையத்தில் வெளியிடுவதும் 2019ல் திருத்தப்பட்ட துன்புறுத்தல் சட்டத்தின்கீழ் குற்றம். ஜூ சியாட் வட்டாரத்தின் எவரிட் சாலையில் அக்கம்பக்கத்தார் பலர் சம்பந்தப்பட்ட பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டு நீதிமன்றங்கள் வரை போனது நாடறிந்த செய்தி. அது தரைவீடுகள் உள்ள தெரு. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் இதே கதை நடந்தால் எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சமரசம் பேசிப் பார்த்திருக்கலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். சமூக மத்தியஸ்த நிலையம் 1998லிருந்து இருக்கிறது, நல்ல பணியும் செய்து வருகிறது. தமிழர்களுக்கு அந்த நிலையம் என்றதும் 2011ன் ‘கறி’ விவகாரம்தான் நினைவுக்கு வரும். அண்டைவீட்டார் இருக்கும்போது கறி சமைப்பதில்லை என்று ஓர் இந்தியக் குடும்பம் சமரசத்தில் ஒப்புக்கொண்ட பழைய செய்தி அந்த ஆகஸ்டில் வெளியே வர, ஊரெல்லாம் ஒரே நாளில் கறி சமைத்துக் காட்டியது. அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம், அந்த முடிவு மத்தியஸ்தர் திணித்ததன்று, இரு குடும்பங்களும் தாமாக எட்டியது என்று விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த இரு வீட்டாரும் பேச வந்தார்கள். பழிவாங்கும் மனநிலையில் உள்ளவர் வருவதே இல்லை. வராதவரை வரவைக்கும் வழி நெடுங்காலமாக இல்லாதிருந்தது.

2024 நவம்பர் 12ஆம் தேதி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பூசல் தீர்வு (திருத்த) மசோதா அந்த ஓட்டையைத்தான் அடைக்க முயல்கிறது. சமரசத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாம். மனநலப் பிரச்சினை காரணமாக இருந்தால் சிகிச்சைக்கு உத்தரவிடலாம். சமூக உறவுப் பிரிவு என்ற புதிய பிரிவின் அதிகாரிகள் வாக்குமூலம் பெறலாம், ஒலி உணரிகளைப் பொருத்தலாம், தொல்லையை நிறுத்த உத்தரவிடலாம். பாதிக்கப்பட்டவர் தனியாகச் சுமந்த ஆதாரச் சுமையில் ஒரு பங்கை அரசு தூக்கிக்கொள்கிறது என்பது உண்மையிலேயே பெரிய மாற்றம். 2025 ஏப்ரலில் தெம்பனிசில் ஓராண்டு முன்னோட்டமாக அது தொடங்கியது.

ஆனால் அந்தப் பிரிவு உருவானது கடுமையான சத்தத் தொல்லைக்கும் பொருள்களைக் குவித்து வைக்கும் பிரச்சினைக்கும். ஒலி உணரி, ஊற்றிய எண்ணெயைக் கேட்காது. சத்தம்போட்டவர் உத்தரவுக்கு அஞ்சிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஓசையில்லாமல் தொட்டியை உடைக்கத் தொடங்கினால் பாதிக்கப்பட்டவர் மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கும் காவல்துறைக்கும்தான் திரும்ப வேண்டும். வேலையிடத்தில் சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், புகார் கொடுத்த ஊழியரை முதலாளி பழிவாங்குவதைத் தனியாகவே பெயர் சொல்லித் தடைசெய்கிறது. அண்டைவீட்டார் விவகாரத்தில் பழிவாங்கல் பழைய தொல்லையின் தொடர்ச்சியாகவே பார்க்கப்படுகிறது. ஆணை பெற்ற முதல் சில மாதங்களில் நடக்கும் சேதத்தைக் கடுமையாக எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு பிரிவு இருந்திருந்தால், ஆணை வாங்கியவர் அதன் பின்னால் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

இதற்கிடையில், பகல் முழுவதும் வீட்டில் இருப்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தான். உடைக்கும் சத்தத்தை முதலில் கேட்பவர்களும் அவர்களே. ஆங்கிலம் சரியாக வராது, காவல்துறை வேண்டாம், பிள்ளைகள் வரட்டும் என்று அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இரவு ஏழு மணிக்கு வரும்போது தாழ்வாரம் கழுவி விடப்பட்டிருக்கும். காவல்துறையிடம் தமிழிலேயே சொல்லலாம், நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, செலவுக்கு வழியில்லாதவர் ‘புரோ போனோ எஸ்ஜி’யின் இலவசச் சட்ட ஆலோசனையை நாடலாம். இவற்றைவிட முதலில் பாட்டியிடம் சொல்ல வேண்டியது, கைப்பேசியில் படம் எடுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது.