பள்ளி நிற்கும் நிலம் யாருடையது?

ரவாங்கில் நான் நடத்தும் பிரத்தியேக வகுப்பில் அண்மையில் ஒரு கேள்வி கேட்டேன்: “உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யாருடையது?” “அரசாங்கத்துடையது, சார்” என்றனர் எல்லாரும். பல பள்ளிகளுக்கு அந்தப் பதில் பொருந்தாது. பினாங்கின் லைட் ஸ்திரீட் கான்வென்ட் அதற்கு ஒரு சான்று.

1852இல் பிரான்சிலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய பெண்கள் பள்ளி அது. தென்கிழக்காசியாவிலேயே மிகப் பழையது என்று பெயர் பெற்றது. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், பள்ளியோடு அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தையும் அவர்கள் நடத்தினார்கள். 1943இல் ஜப்பானியர், கிரெனேடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை அங்கே அடைத்து வைத்தனர். அவர்கள் சுவரில் கீறிய பெயர்கள் போருக்குப் பின்னும் பாதுகாக்கப்பட்டன. பள்ளியும் மீண்டும் எழுந்தது.

சுதந்திரத்துக்குப் பின் மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகளாயின. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசின் பொறுப்பு. நிலமும் கட்டடமும் சபையின் கையில். சபை தன் இடத்தைத் திரும்பக் கேட்டது. 2018 முதல் புதிய மாணவிகள் சேர்க்கப்படவில்லை. இருந்தவர்கள் படித்து முடிக்க முடிக்க, வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

அதே சபை 1899இல் கோலாலம்பூரில் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டுக்கு வேறு வகைச் சிக்கல். 2021இல் நிலக் குத்தகை முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பின்னர்தான் 60 ஆண்டுகளுக்குக் குத்தகை கிடைத்தது.

ஒன்று மூடப்பட்டது, ஒன்று தப்பியது. இரண்டிலும் தேர்ச்சி விகிதமோ ஒழுங்கோ பிரச்சினையாக இருக்கவில்லை. நிலமே முடிவு செய்தது.

இது நமக்குப் புதிய கதையன்று. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530தான். தோட்டங்களிலிருந்து மக்கள் வெளியேறியது முக்கியக் காரணம். ஆனால், தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு, நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் கவலைதான்.

மாணவர்களே, நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது? குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது? தலைமையாசிரியரிடமோ பள்ளி வாரியத்திடமோ கேளுங்கள். அறிவிப்புப் பலகை மாட்டிய பிறகு போராடுவதைவிட, குத்தகை முடிய பத்து ஆண்டு இருக்கும்போதே விண்ணப்பக் கடிதம் எழுத வைப்பது எளிது.